இனிஷியலும் ஒரு குலச்சின்னம்தான்
(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



மேனாம்பேட்டுக்காரன், அதுவும் இன்ஜினியர், மேடை ஏறினால் மெஷினைப் பற்றித்தான் பேசுவான் என்று நினைத்திருப்பீர்கள். நான் பேசப்போவது பெயரைப் பற்றி.

வெளிநாடு போக நினைக்கும் மாணவர்களுக்கு முதல் பரீட்சை பாஸ்போர்ட் விண்ணப்பத்திலேயே வந்துவிடுகிறது. 'சர்நேம்' என்று ஒரு கட்டம். இனிஷியலை அப்படியே போட முடியாது, விரித்து எழுத வேண்டும். கட்டத்தைக் காலியாக விட்டால், அமெரிக்க விசாவில் உங்கள் பெயர் சர்நேம் ஆகிவிடும். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்.என்.யு.', அதாவது முதற்பெயர் தெரியாது என்று அச்சாகும். ஆசையாகப் பெயர் வைத்தவர்கள் பார்த்தால் என்ன சொல்வார்கள்!

என்னோடு வேலை பார்த்த அயர்லாந்துக்காரர் ஒருவர், "உங்க வீட்டுக்குக் குடும்பப் பெயர் இல்லையா, சின்னமும் இல்லையா?" என்று கேட்டார். அதற்குப் பதில் தேடித்தான் நான் புத்தகங்களைப் புரட்டினேன்.

அவர்கள் பெயரில் வரும் 'மக்' என்றால் மகன்; 'ஓ' என்றால் பேரன், வழித்தோன்றல். ஓ'பிரையன் என்றால் பிரையன் போரு என்ற அரசனின் வழிவந்தவர். அவன் குளோண்டார்ஃப் போரில் மாண்டது 1014இல். நம் ராஜராஜ சோழன் மறைந்ததும் அதே ஆண்டில்தான். ஆக, அவர்களுடைய குடும்பப் பெயரும் ஒரு காலத்தில் யாரோ ஒரு தாத்தாவின் பெயர்தான். பிறகு அது தலைமுறை தலைமுறையாக அப்படியே உறைந்துவிட்டது. நம்முடையது உறையவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

நமக்கு அந்த முறை புதிதா? சங்கப் புலவர் ஒருவர் பெயரைப் பாருங்கள்: மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார். ஊர் இருக்கிறது, தகப்பனார் இருக்கிறார், பிறகு தன் பெயர். இதைச் சுருக்கினால் இன்றைய இரண்டு இனிஷியல்! என் தாத்தா கையெழுத்திலும் மேனாம்பேடு முன்னே நிற்கும்.

சரி, சின்னம்? அவர்களுக்கு டப்ளினில் 1552 முதலே அதற்கென்று அலுவலகம் இருந்தது. ஆனால் சின்னம் வழங்கப்படுவது ஒருவருக்கும் அவர் வழியினருக்கும்தான். அதே பெயர் கொண்ட எல்லோருக்கும் அது சொந்தமில்லை. கடையில் பெயரைச் சொல்லி வாங்கும் கேடயம் வெறும் அலங்காரம்.

இங்கேயும் வில், புலி, மீன் மூன்றும் வேந்தர்களுக்கு உரியவை. அம்பத்தூரில் அரக்கோணம் ரயில் ஏறினால் வழியில் திருவாலங்காடு வரும். 1905இல் அங்கே கிடைத்த ராஜேந்திர சோழன் செப்பேட்டின் முத்திரையில் புலியோடு மீனும் வில்லும் சேர்ந்தே இருக்கின்றன. வென்றவன் தோற்றவன் சின்னத்தையும் தன்னோடு சேர்த்துக்கொண்டான்.

பூவும் சின்னம்தான். சேரருக்குப் பனை, பாண்டியருக்கு வேம்பு, சோழருக்கு ஆத்தி. உறையூரில் நலங்கிள்ளியும் நெடுங்கிள்ளியும் மோதிக்கொண்டபோது கோவூர் கிழார் இடையில் புகுந்தார். இருவர் சூடியதும் ஆத்திதானே, எவர் தோற்றாலும் தோற்பது உங்கள் குடிதானே என்று இடித்துச் சொன்னார். சின்னத்தைப் பெருமையடிக்க அல்ல, சண்டையை நிறுத்தக் காட்டினார் ஒரு புலவர்!

தம்பி தங்கைகளே, இதை எதற்குச் சொல்கிறேன்? அந்தக் கட்டத்தை நிரப்பும்போது சிலர், "சும்மா நம்ம ஜாதிப் பேரைப் போட்டுடு, வேலை முடிஞ்சுது" என்பார்கள். பக்கத்துச் செங்கல்பட்டில் 1929இல் சுயமரியாதை மாநாடு கூடி, பெயருக்குப் பின்னால் வரும் ஜாதிப் பட்டத்தை விட்டுவிடத் தீர்மானித்தது. எத்தனையோ பேர் மனமுவந்து விட்டார்கள். ஒரு விண்ணப்பத்துக்காக அதை மறுபடி ஒட்டிக்கொள்ள வேண்டாம்.

அப்பா பெயரைப் போடுங்கள். அம்மா பெயரைச் சேர்க்க விரும்பினால் சேருங்கள். ஊர்ப் பெயரும் நல்லதுதான். தாத்தா, அப்பா, பிள்ளை மூவருக்கும் மூன்று சர்நேம் வரும். சில அலுவலகங்களில் உறவுக்குச் சான்று கேட்பார்கள். கொஞ்சம் சிரமம்தான். சான்றிதழைக் காட்டிவிட்டுப் போவோம். எந்த எழுத்துக்கூட்டலை எடுத்தாலும் மார்க் ஷீட் முதல் விசா வரை அதையே எழுதுங்கள்.

அயர்லாந்து நண்பருக்கு நான் சொன்ன பதில் இதுதான்: எங்களுக்கும் குடும்பப் பெயர் உண்டு. ஒவ்வொரு தலைமுறையிலும் அதைப் புதிதாக எழுதிக்கொள்கிறோம்.