விருந்தாளியும் ஊர்க்காரரும்



நவராத்திரி வந்தால் திருவனந்தபுரத்து ஆரியசாலைக்கு ஒரு விருந்தாளி வருவார், வேளிமலைக் குமாரசுவாமி. தேவாரக்கட்டு சரஸ்வதியோடும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையோடும் பத்மநாபபுரத்திலிருந்து புறப்பட்டு, குழித்துறை, நெய்யாற்றின்கரை வழியே ஊர்வலமாக வந்து இங்குள்ள தேவி கோவிலில் தங்குவார். பூசை முடிந்ததும் ஊர் திரும்பிவிடுவார். அருகிலுள்ள சாலைக் கடைத்தெருவுக்கு வந்த தமிழ் வணிகர்கள் அப்படித் திரும்பவில்லை. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் திவான் ராஜா கேசவதாஸ் உருவாக்கிய இந்தக் கடைத்தெருவில் கடை போட்டு, இந்த ஊர்க்காரர்களாகவே ஆகிப்போனார்கள்.

மூளையின் குருதிக்குழாய்கள் பெரும்பாலும் இந்த வணிகர்களைப் போன்றவை. இந்தக் கருத்தரங்கின் பொருளும் அதுதான்.

மூளை தன் குழாய்களைத் தானே செய்துகொள்வதில்லை. மூளையாக வளரப்போகும் நரம்புக் குழல் கருவின் புறப்படையில் பிறப்பது. குழாயின் உட்சுவர்ச் செல்களோ நடுப்படையிலிருந்து வருபவை. அவை முதலில் நரம்புக் குழலைச் சுற்றி வெளியே ஒரு வலை பின்னுகின்றன. உள்ளே செல்கள் பெருகப் பெருக ஆக்சிஜன் போதாமல் போகிறது. அப்போது அங்கிருந்து விஇஜிஎஃப் என்ற புரதம் சுரக்கிறது. அது போய்ச் சேரும் இடத்தில், வலையிலிருந்து ஒரு செல் மட்டும் முன்னால் நீள்கிறது. இதற்கு முனைச் செல் என்று பெயர். இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டு போகிறவரின் விரல்களைப் போல மெல்லிய இழைகளை நீட்டி, புரதம் எந்தப் பக்கம் அதிகமோ அந்தப் பக்கம் போகிறது. பின்னால் வரும் செல்கள் பிரிந்து பெருகிக் குழாயை நீட்டுகின்றன. எல்லாச் செல்லும் முன்னால் பாய்ந்துவிட்டால் குழாயே உருவாகாது. அதனால் முனைச் செல் தன் பக்கத்துச் செல்லுக்கு ‘நீ பின்னால் நில்’ என்று நாட்ச் என்ற சமிக்ஞை வழியே சொல்லிவிடுகிறது.

இரண்டு முனைகள் சந்தித்து இணையும் இடத்தில் மைக்ரோகிளியா செல்கள் துணைக்கு நிற்கின்றன. அவையும் மூளையில் பிறந்தவை அல்ல. கருவின் மஞ்சள்கருப் பையிலிருந்து வந்தவை.

வந்தவர்களை ஊர்க்காரர்களாக்குவது யார்? 1981-இல் ஸ்டூவர்ட், வைலி என்ற இருவர் இதைச் சோதித்தார்கள். குழாய்கள் இன்னும் நுழையாத காடைக் கருவின் மூளைத் துண்டை எடுத்து, கோழிக் கருவின் வயிற்றுப் பகுதியில் வைத்தார்கள். கோழியின் வயிற்றுக் குழாய்கள் அந்தத் துண்டுக்குள் வளர்ந்தன. வளர்ந்தவை மூளைக் குழாய்களுக்கே உரிய இறுக்கமான தடுப்புச் சுவரைப் பெற்றன. ஆக, குருதி-மூளைத் தடுப்பு எனப்படும் இந்தச் சுவர் குழாயோடு கூடப் பிறந்ததல்ல, மூளைத் திசு கற்றுக்கொடுப்பது. கற்றுக்கொடுக்கும் மொழிகளில் ஒன்று விண்ட் சமிக்ஞை என்பது 2008-ஐ ஒட்டி எலிகளில் தெரியவந்தது. அது இல்லாத எலிக் கருக்களில் குழாய்கள் மூளைக்குள் சரியாக நுழையவில்லை, குருதி கசிந்தது.

திரும்பிப் போக வேண்டிய விருந்தாளியும் கருவில் உண்டு. முன்மூளையின் நடுச் சிரை சில வாரங்கள் மட்டும் வேலை செய்துவிட்டு, ஏறத்தாழ 11-ஆம் வாரத்துக்குள் மறைய வேண்டியது. சில குழந்தைகளில் அது மறைவதில்லை. தமனிகள் தந்துகிகளைக் கடக்காமல் நேரே அதில் கொட்டுகின்றன. சிரை பலூன்போல உப்புகிறது, பச்சிளங்குழந்தையின் இதயம் திணறுகிறது. கேலன் சிரைக் கோளாறு என்பது இதன் பெயர். தொடைத் தமனி வழியே நூல்போன்ற குழலை மூளைவரை செலுத்தி, அந்தத் தவறான வழிகளைப் பசை கொண்டு அடைப்பதுதான் இன்றைய சிகிச்சை. ஆரியசாலையிலிருந்து சில கிலோமீட்டரில் இருக்கும் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிறுவனம் மூளைக் குழாய் நோய்களுக்குச் சிகிச்சை தரும் இடம். அங்கே படங்களில் தெரியும் பல கோளாறுகளின் வேர் கருவில்தான்.

அந்தக் கருவின் படமும் இப்போது கிடைக்கிறது. திருவனந்தபுரத்தில் பிறந்த கிரிஸ் கோபாலகிருஷ்ணனின் நன்கொடையில் 2022-இல் சென்னை ஐஐடியில் தொடங்கிய சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம், 2024 டிசம்பரில் ‘தரணி’ என்ற முப்பரிமாண வரைபடத்தை வெளியிட்டது. 14 முதல் 24 வாரம்வரையிலான ஐந்து கரு மூளைகள். 5,132 வெட்டுத் துண்டுகள். செல் தெரியும் அளவுக்குத் துல்லியம். யாரும் இலவசமாகப் பார்க்கலாம்.

ஆனால் அதைப் பார்ப்பவர்களின் கண் பெரும்பாலும் நரம்புச் செல்கள்மீதே போகிறது. குழாய்களையும் கவனிக்க வேண்டும். மூளை உட்குழிகளின் ஓரத்தில் புதுச் செல்கள் பிறக்கும் முளைப்பகுதியை எடுத்துக்கொள்ளலாம். அங்கே குழாய்கள் அவசர அவசரமாக வளர்கின்றன. அவற்றைத் தாங்கிப் பிடிக்கும் பெரிசைட் செல்கள் குறைவு. 32 வாரத்துக்கு முன் பிறக்கும் குழந்தைகளுக்கு, பெரும்பாலும் முதல் 3 நாள்களுக்குள், மூளையில் குருதிக்கசிவு ஏற்படுவது இந்த இடத்தில்தான். ‘தரணி’யின் கடைசிப் பக்கம் 24-ஆம் வாரம். குறைமாதக் குழந்தை இன்குபேட்டருக்கு வரத் தொடங்கும் வயதும் அதுவே.

அதனால்தான் முதல் அமர்வில் உடற்கூறியலாளரும் பச்சிளங்குழந்தை மருத்துவரும் ஒரே மேசையில் அமர்த்தப்பட்டிருக்கிறார்கள். திரையில் வருவது 24-ஆம் வாரத்தின் முளைப்பகுதி. அமர்வு தொடங்கட்டும்.