கழி நண்டும் வெள்ளைப்புள்ளியும்
(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)



நான் வீட்டைப் பாத்துக்கிட்டு இருக்கிறவள். பத்தாவதோட படிப்பு நின்னுபோச்சு. போன வருஷம் இதே விழாவில் எங்க குழு நண்டு வளர்த்து லாபம் பார்த்ததைச் சொன்னோம், நீங்களும் கை தட்டினீங்க. அப்போ சொல்லாம விட்ட ஒரு சங்கதி இருக்கு. அதைத்தான் இன்னிக்குச் சொல்லப் போறேன்.

எங்க தொழில் என்னன்னு தெரியாதவங்களுக்காக ஒரு வார்த்தை. ஓடு கழற்றின கழி நண்டு உள்ளே சதை இல்லாம தண்ணியா இருக்கும். தண்ணி நண்டுன்னு சொல்லுவோம். வியாபாரி அதை மலிவா ஒதுக்கிப் போட்டுடுவார். அதை வாங்கி இருபது, முப்பது நாள் தீனி போட்டு வச்சிருந்தா சதை கெட்டியாயிடும், விலையும் ஏறிடும். எங்க குழுவில் பன்னிரண்டு பேர். வங்கிக் கடன் வாங்கி உப்பனாத்து வாய்க்கால் ஓரமா இருபது சென்ட் குட்டை எடுத்து, சுத்தி வலை கட்டி ஆரம்பிச்சோம். நண்டுக்குத் தீனி கழிவு மீனும் மட்டியும். செலவுல பாதி தீனிக்கே போகும். அங்கேதான் நான் தப்பு பண்ணினேன்.

ரெண்டாவது வருஷம் வைகாசி மாசம். மேற்கால இருக்கிற இறால் பண்ணை ஒண்ணுல திடீர்னு பிடிப்பு போட்டாங்க. விரல் நீளம்கூட வளராத இறால். கிலோ நாப்பது ரூபாய்க்குக் கூவிக் கூவி வித்தாங்க. ஏன் இவ்வளவு சின்னதுல பிடிக்கிறாங்கன்னு நான் கேட்கலை. கேட்டிருக்கணும். முப்பது கிலோ வாங்கிட்டு வந்து பச்சையாவே நண்டுக்குக் கொட்டினேன். அன்னிக்குச் சாயங்காலம் கணக்கு நோட்டுல “தீனிச் செலவு குறைந்தது” என்று நானே சந்தோஷமா எழுதி வச்சிருக்கேன். அந்த நோட்டு இன்னும் இருக்கு.

நாலு நாள்ல தின்னது போக மீதி அடியில அழுகி, தண்ணி நாறிப்போச்சு. பதினொரு நண்டு செத்துது. பயந்துபோய், அமாவாசை வத்தத்துல மதகைத் திறந்து, குட்டைத் தண்ணி பூராவும் வாய்க்கால்ல விட்டுட்டு ஏத்தத்துல புதுத் தண்ணி வாங்கினேன். மீதி நண்டெல்லாம் தேறி நல்லா தின்ன ஆரம்பிச்சுது. பிரச்சனை முடிஞ்சதுன்னு நினைச்சேன்.

அதே வாய்க்கால்ல கீழ்ப்பக்கம் எங்க குழு அக்கா ஒருத்தரோட வீட்டுக்காரர் ஒரு ஏக்கர் குத்தகைக்கு எடுத்து வனாமி இறால் விட்டிருந்தார். நாப்பத்தஞ்சு நாள் ஆன இறால். ரெண்டு வாரம் கழிச்சு ஒரு நாள் காலையில அது கூட்டம் கூட்டமா கரை ஓரம் ஒதுங்குச்சு. தீனி எடுக்கலை. பிடிச்சுப் பார்த்தா தலை ஓட்டுல உள்பக்கம் சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளி. ஒரு வாரத்துக்குள்ள குட்டை காலி. மருந்துக் கடையில ஏதோ பவுடர் எட்டாயிரம் ரூபாய்க்குக் கொடுத்தாங்க. அந்தக் காசும் தண்ணியோட போச்சு.

அக்கா வந்து, “நீ விட்ட தண்ணிதானே?”ன்னு கேட்டாங்க. “இல்லவே இல்லை, நண்டுக்கும் இறாலுக்கும் என்ன சம்பந்தம்?”னு சொல்லிட்டேன். வாரக் கூட்டத்துலயும் வாயைத் திறக்கலை.

அதுக்கப்புறம் மீன்வளத் துறை நடத்தின ஒரு நாள் பயிற்சிக்குப் போனேன். அங்கே சொன்னது ஒவ்வொண்ணும் என்னைப் பார்த்துச் சொன்ன மாதிரியே இருந்துச்சு. இது வெள்ளைப்புள்ளி வைரஸ். நம்ம நாட்டுக் கடற்கரையில 1994-95லேயே வந்து, அப்போ புலி இறால் வளர்த்தவங்களைச் சாய்ச்சது இதுதான். 2009க்குப் பிறகு வனாமி வந்தும் அது போகலை. வைரஸுக்கு ஆன்டிபயாடிக் கேட்காது. குளோராம்பெனிகால், நைட்ரோபியூரான் மாதிரி மருந்தெல்லாம் தடை பண்ணினது. அது கலந்திருந்தா வெளிநாட்டுல சரக்கைத் திருப்பி அனுப்பிடுவாங்க. முக்கியமா, இந்த வைரஸ் இறால்ல மட்டும் இல்லை, நண்டுலயும் இருக்கும். கழி நண்டு நோயை உடம்புல வச்சுக்கிட்டே சாகாம நல்லா தின்னுக்கிட்டு இருக்கும். எங்க பதினொரு நண்டு அழுகின தீனியால செத்திருக்கலாம், பிழைச்ச நண்டுதான் ஆபத்துன்னு அப்போதான் புரிஞ்சுது. இறால் பண்ணையைச் சுத்தி முழங்கால் உயரம் வலை கட்டுறாங்களே, அது நம்ம நண்டு உள்ளே போகாம இருக்கத்தான். நான் அதைத் திருட்டுப் பயத்துக்குன்னு நினைச்சிருந்தேன்!

ஐஸ்ல வச்சாலும் அந்த வைரஸ் சாகாது. 2016 கடைசியில ஆஸ்திரேலியாவுல லோகன் ஆத்துப் பக்கம் பண்ணைகள்ல இந்த நோய் வந்தப்போ, தூண்டில்ல இரையா மாட்டின இறக்குமதி இறால் வழியா வந்திருக்கலாம்னு சந்தேகப்பட்டு, 2017 தொடக்கத்துல பச்சை இறால் இறக்குமதியையே கொஞ்ச காலம் நிறுத்தி வச்சாங்களாம். ஒரு தூண்டில் இறாலுக்கே அப்படின்னா, முப்பது கிலோ கொட்டின நான்?

பஸ்ஸை விட்டு இறங்கி நேரா அக்கா வீட்டுக்குத்தான் போனேன். நடந்ததைச் சொன்னேன். அவங்க ஒண்ணும் பேசலை, உள்ளே போயிட்டாங்க. ரெண்டு மாசம் பேசலை. மேற்கால பண்ணைக்காரரும் அதே வாய்க்கால்லதான் தண்ணி விட்டார். யார் தண்ணியால வந்துச்சுன்னு யாராலும் சொல்ல முடியாது. ஆனா நானும் விட்டேன்.

குழுக் கூட்டத்துல சண்டை வந்துச்சு. அக்காவோட கடன் தவணையை மூணு மாசம் குழுச் சேமிப்புல இருந்து கட்டணும்னு நான் கேட்டேன். “இது தொழில்ல வர்ற நட்டம், நாம ஏன் கட்டணும்?”னு நாலு பேர் எதிர்த்தாங்க. அவங்க சொன்னதுலயும் நியாயம் இருந்துச்சு. கடைசியில நண்டு லாபத்துல இருந்து ரெண்டு மாசத் தவணை கட்டினோம், ஒரு மாசம் நான் கட்டினேன்.

இப்போ இறால் தலை, ஓடு எதுவும் பச்சையா எங்க குட்டைக்குள்ள போகாது. கழிவு மீனும் மட்டியும்தான். அதுவும் இல்லாத நாள்ல இறால் கழிவைக் கொதிக்கக் கொதிக்க நல்லா வேக வச்சுதான் போடுவோம். வெந்தா வைரஸ் செத்துடும். விறகு செலவு உண்டு, பரவாயில்லை. புது நண்டை ஒரு வாரம் தனித் தொட்டியில வச்சுப் பார்க்கிறோம். தொட்டித் தண்ணியில பிளீச்சிங் பவுடர் போட்டு நிறுத்தி வச்சுதான் வெளியே விடுவோம். அதையும் வாய்க்கால்ல விடுறதில்லை, மேட்டு மண்ல ஊத்திடுறோம். வலையும் கூடையும் பக்கத்துக் குட்டைக்கு இரவல் கொடுக்கிறதில்லை. இதுக்கு மட்டும் இன்னும் கோபப்படுறவங்க உண்டு.

மீன் விற்கிற சகோதரிகள் இங்கே நிறையப் பேர் இருக்கீங்க. இறாலை உரிச்சுத் தலையை வாய்க்கால்லயே போட்டுட்டு, கூடையையும் அங்கேயே அலசுறோம். தயவு செஞ்சு குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைங்க. இன்னொண்ணு, வெள்ளைப்புள்ளி இறாலைத் தின்னா மனுஷனுக்கு நோய் வரும்னு ஒரு பேச்சு கிளம்பி, ஒரு வாரம் யாரும் இறாலே வாங்கலை, ஞாபகம் இருக்கா? அது தப்பு. அந்த வைரஸ் மனுஷனை ஒண்ணும் செய்யாது. கெட்டுப்போன இறால்தான் வயித்தைக் கெடுக்கும்.

சந்தேகம் வந்தா, செத்த இறாலை விட உயிர் ஊசலாடுற இறாலை எடுத்துப் பி.சி.ஆர். சோதனைக்கு அனுப்பணும். எப்படிக் கட்டி அனுப்பணும்னு மீன்வளத் துறை அலுவலகத்துல கேட்டா சொல்லித் தருவாங்க. சென்னையில சிபா ஆராய்ச்சி நிலையமும் இருக்கு. முடிவு தெரியுற வரைக்கும் மதகைத் திறக்கவே கூடாது.

அக்கா வீட்டுக்காரர் இந்த வருஷம் திரும்ப இறால் விட்டிருக்கார். போன மாசம் அக்காவே எங்க குட்டைக் கரைக்கு வந்து, “தங்கச்சி, வெள்ளிக்கிழமை நாங்க தண்ணி ஏத்தப் போறோம். உன் மதகை மூடி வை”ன்னு சொன்னாங்க. வியாழக்கிழமையே மூடிட்டேன். அதுக்கு மேல சாக்குல மண்ணும் கட்டி வச்சேன். இப்போ எங்க வாய்க்கால்ல யார் தண்ணி விட்டாலும், ஏத்தினாலும், ரெண்டு நாள் முன்னாடி எல்லாருக்கும் போன்ல சொல்லணும்னு பேசி வச்சிருக்கோம். மேற்காலப் பண்ணைக்காரர் மட்டும் இன்னும் சேரலை. அடுத்த வாரம் குழுவா போய்க் கேட்கப் போறோம். துணைக்கு வர்றவங்க சாப்பாட்டு இடைவேளையில என்கிட்ட பேர் கொடுங்க.