அடைபட்ட கதவு
(திரியாயில் ஆற்றிய உரை)



தவறான சட்டத்தை எதிர்த்து வழக்காடும் உரிமை குடிமகனுக்கு எப்போது உண்டு? பிரித்தானியச் சட்ட மரபைத் தழுவிய இந்தியாவில், சட்டம் நிறைவேறிய பின்னரும் நீதிமன்றம் அதனைச் செல்லாதெனத் தீர்க்கலாம். பிரான்சின் 1958ஆம் ஆண்டு யாப்போ, சட்டம் நடைமுறைக்கு வருமுன் ஆராய்வதற்கே இடமளித்தது.

இலங்கையிலும் முதல்வழி திறந்திருந்தது. சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவைக் காட்டிக் கோடீசுவரன் தொடுத்த வழக்கில், 1956ஆம் ஆண்டுத் தனிச் சிங்களச் சட்டம் செல்லாதென 1964இல் கொழும்பு மாவட்ட நீதிமன்றம் தீர்த்தது. மேன்முறையீட்டில் அத்தீர்ப்பு நிலைக்கவில்லை. எனினும், சட்டம் செல்லுமா எனத் தீர்க்கும்படி 1969இல் இலண்டன் பிரிவிக் கவுன்சில் வழக்கைத் திருப்பி அனுப்பியது. முடிவு வருமுன் 1972ஆம் ஆண்டு யாப்பு வந்தது, கதவு அடைபட்டது! 1978ஆம் ஆண்டு யாப்பின் 80ஆம் உறுப்புரையும் அதே பூட்டைப் போட்டது.

சட்டமூலத்தை எதிர்க்கச் சில நாட்களே அவகாசம். கொழும்பில் வரும் சட்டமூலத்தைத் திரியாய் வயலில் நிற்கும் உழவன் அதற்குள் அறிவானா? சட்டம் அவன் வரப்பை மிதிக்கும்போதன்றோ அறிவான்!

பிரான்சே 2010 முதல் தன் கதவைத் திறந்துவிட்டது. நம் நாடு இன்னும் திறக்கவில்லை. திறக்கும்வரை கேட்போம். நாம் கேட்பது சலுகையன்று, உரிமை!