ஐம்பது இஸ்திரிப் பெட்டியும் ஒரு ராடியேட்டரும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில், இயந்திரவியல் துறை அரங்கில் பேசியதன் எழுத்து வடிவம்)



'தொழில் அனுபவம்' என்ற தலைப்பில் பேசச் சொன்னார்கள். பெரிய பாலம் கட்டிய அனுபவம் எல்லாம் என்னிடம் இல்லை. ஒரு ராடியேட்டர் வாங்கப் போன கதையைத்தான் சொல்லப் போகிறேன். ஹீட் டிரான்ஸ்ஃபர் பேப்பரில் நான் அரியர் வைத்தவன் என்பது முன் வரிசையில் இருக்கும் ஐயாவுக்கு நன்றாகத் தெரியும். சிரிக்கிறார், பாருங்கள்.

2012-ஆம் வருஷ மின்வெட்டை இங்கே பலர் மறந்திருக்க மாட்டீர்கள். சென்னைக்கு 2 மணி நேரம் என்றால், எங்கள் மேற்கு மாவட்டங்களில் பத்து, பன்னிரண்டு மணி நேரம்கூடப் போனது உண்டு. நான் அப்போது திருப்பூரில் ஒரு சிறிய பனியன் கம்பெனியில் மெயின்டனன்ஸ் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னலும் தையலும் ஒரே கட்டடம். 125 கே.வி.ஏ. டீசல் ஜெனரேட்டர் ஒன்று. முன்பெல்லாம் அவசரத்துக்கு ஓடியது, அந்த வருஷம் பகலில் பாதி நேரம் அதுதான் ஓடியது. தையல்காரர்கள் எல்லாம் பீஸ் ரேட். மெஷின் நின்றால் அவர்கள் கூலியும் நிற்கும்.

ஒரு வியாழக்கிழமை மதியம் தண்ணீர்ச் சூடு ஏறி செட் தானாக நின்றுவிட்டது. ஆற வைத்து மறுபடி ஓட்டினால் அரை மணியில் மறுபடி நின்றது. ராடியேட்டர் இரண்டு இடத்தில் ஒழுகிக்கொண்டும் இருந்தது. புதிதுக்கு விலை கேட்டேன். 78,000 ரூபாய், வர 6 வாரம். ஆப்பரேட்டர் என் காதருகே வந்து, "சார், அந்தச் சூடு காட்டுற ஒயரைக் கழட்டி விட்டுட்டா நிக்காதுங்க" என்றார். கப்பல் ஏற வேண்டிய சரக்கு மேஜை மேல் கிடந்தது. உண்மையைச் சொன்னால், ஸ்க்ரூ டிரைவர் என் கையில்தான் இருந்தது. ஹெட் வளைந்தால் என்ன ஆகும் என்று நினைத்துக் கீழே வைத்தேன். வாடகைக்கு ஒரு செட் பிடித்தோம். அந்த வருஷம் அது கிடைத்ததே பெரிய விஷயம்.

அப்புறம் நான் செய்ததுதான் முட்டாள்தனம். குதிரைத் திறன் கிட்டத்தட்ட ஒன்றுதானே என்று, கோவையில் பழைய சாமான் கடையில் ஒரு லாரி ராடியேட்டரை 11,000 ரூபாய்க்கு வாங்கி வந்தேன். ஹோஸ் மாற்றி, கிளாம்ப் அடித்து, ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பொருத்தினோம். நாற்பது நிமிஷம் ஓடியது. 103 டிகிரி காட்டி நின்றது. முதலாளி வந்து பார்த்தார். "பரவாயில்லீங்க தம்பி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். திட்டியிருந்தால் தேவலை.

அன்று ராத்திரிதான் பேப்பரை எடுத்துக் கணக்குப் போட்டேன். முதல் நாளே போட்டிருக்க வேண்டியது. தம்பிமார் கவனிக்க. எங்கள் லோடு சுமார் 75 கிலோவாட். மணிக்கு 21 லிட்டர் டீசல் குடித்தது. ஒரு லிட்டர் டீசலில் சுமார் 10 யூனிட் சக்தி என்று வைத்துக்கொண்டால் உள்ளே போவது 210. மின்சாரமாக வெளியே வருவது 75. மிச்சத்தில் பெரும்பகுதி புகைக்குழாயில் போகும், கொஞ்சம் இன்ஜின் மேலிருந்தே அறைக்குள் போகும். நாலில் ஒரு பங்கு, அதாவது 50 கிலோவாட், ராடியேட்டர் வழியாகப் போயே ஆக வேண்டும். எங்கள் பேக்கிங் அறையில் இருக்கும் இஸ்திரிப் பெட்டி ஒவ்வொன்றும் 1 கிலோவாட். ஐம்பது பெட்டியை ஒரே நேரத்தில் போட்டு, அந்தச் சூட்டை எல்லாம் ஜன்னல் வழியே வெளியே தள்ளுவது போல. காற்றுச் சூடு 15 டிகிரிதான் ஏறலாம் என்றால் வினாடிக்கு 3 கன மீட்டர் காற்று வேண்டும்.

லாரியில் இன்ஜின் முழு பாரத்தில் நாள் பூராவும் இழுப்பதில்லை. ஓடும் வேகத்தில் எதிர்க்காற்று வேறு இலவசமாகக் கிடைக்கிறது. எங்கள் செட்டோ தகரக் கொட்டகைக்குள் நின்ற இடத்திலேயே பாரம் இழுக்கிறது. இன்னொன்று, லாரி விசிறி ராடியேட்டர் வழியாகக் காற்றை இழுக்கும். ஜெனரேட்டர் விசிறி, சூடு அறைக்குள் தங்காமல் வெளியேற வேண்டும் என்பதற்காக, காற்றை ராடியேட்டருக்குள் தள்ளும். நான் மாட்டியதில் விசிறிக் கூண்டுக்கும் கோருக்கும் நடுவில் நாலு விரல் சந்து. தள்ளின காற்றில் பாதி அந்தச் சந்து வழியாகவே திரும்பிவிட்டது.

மறுநாள் பழைய ராடியேட்டரைத் தூக்கிக்கொண்டு ஒரு ராடியேட்டர் பட்டறைக்குப் போனேன். பட்டறைக்கார அண்ணனுக்கு அறுபது வயசு இருக்கும். அதைத் திருப்பிப் போட்டுப் பார்த்துவிட்டு, "ஏனுங் தம்பி, இதை யாரு கழுவறது?" என்றார். தினமும் கழுவுகிறோம் என்று பெருமையாகச் சொன்னேன். "வெளிப்பக்கம் கழுவறீங்க. அழுக்கு உள்பக்கம் இருக்குது" என்றார். விசிறிக் கூண்டுக்குள், நம் கண்ணில் படாத பக்கத்தில், பஞ்சுத் தூசி கம்பளி மாதிரி ஒட்டிக் கிடந்தது. இன்ஜின் பிரீதர் குழாயிலிருந்து வரும் எண்ணெய்ப் புகையை விசிறி வாரி அடிக்க, பஞ்சு அதில் பிடித்துக்கொண்டது.

டார்ச் வைத்து ஈயத்தை உருக்கி மேல் தொட்டியைக் கழற்றினார். டியூப் வாயெல்லாம் வெள்ளை வெள்ளையாக உப்பு. எங்கள் போர் தண்ணீர்! அந்தப் படிவத்தைவிடச் செம்பு நூறு மடங்குக்கும் மேல் நன்றாகச் சூட்டைக் கடத்தும். அப்படிப்பட்ட செம்புக்கு உள்ளே நாங்களே சட்டை போட்டுவிட்டிருக்கிறோம். 78,000 கொடுத்துப் புதிது மாட்டியிருந்தாலும் இரண்டு வருஷத்தில் இதே கதிதான்.

தொட்டி இரண்டும் நல்ல பித்தளை. கோரை மட்டும் மாற்றலாம் என்றார். ஃபின் விஷயத்தில் எங்களுக்குள் சண்டை வந்தது. அங்குலத்துக்கு 12 ஃபின் வைத்தால் பரப்பு அதிகம் என்று நான் காகிதத்தைக் காட்டினேன். "உங்க கணக்கில பஞ்சு இருக்குதுங்களா?" என்று கேட்டார். இல்லைதான். 9 ஃபின், அதற்கு ஈடாக ஒரு வரிசை டியூப் கூடுதல் என்று முடிவானது. அவர் தொட்டித் தண்ணீரில் முக்கி, ஒரு கிலோ காற்று ஏற்றி, குமிழி வருகிறதா என்று எனக்கே காட்டினார். புது மூடியும் வாங்கச் சொன்னார். மூடியை அலட்சியமாக நினைக்காதீர்கள். அரை பார் அழுத்தம் பிடித்தால் தண்ணீர் 111 டிகிரி வரை கொதிக்காது. எங்கள் பழைய மூடியின் ஸ்ப்ரிங் கையாலேயே அமுங்கியது.

கோர், கூலி, மூடி, ஹோஸ், கூலன்ட் எல்லாம் சேர்த்து 27,000. ஐந்தாம் நாள் மாட்டினோம். பிரீதர் குழாயை நீட்டிக் கொட்டகைக்கு வெளியே விட்டோம். கூண்டில் கையை விட்டுக் கழுவ ஒரு கதவு வெட்டினோம். போர் தண்ணீரை அன்றோடு நிறுத்தி, ஆர்.ஓ. தண்ணீரில் கூலன்ட் கலந்து ஊற்றினோம். மே மாதத்திலும் முள் 88-ஐத் தாண்டவில்லை. லாரி ராடியேட்டரைத் திருப்பிக் கொடுத்ததில் 6,000 வந்தது. மீதி 5,000-ஐ என் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். முதலாளி பிடிக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு எதை வாங்கப் போனாலும், "கணக்குப் போட்டாச்சுங்களா தம்பி?" என்று ஒரு வார்த்தை கேட்பார்.

பட்டறை அண்ணனிடம் இப்போதும் போய் வருகிறேன். வருகிற ராடியேட்டரில் பாதிக்கு மேல் அலுமினிய கோர், பிளாஸ்டிக் தொட்டி. அதில் ஈயம் பிடிக்காது, பிரித்துப் பார்க்க முடியாது, தூக்கிப் போட வேண்டியதுதான் என்று குறைப்படுகிறார்.

நம் கல்லூரிப் பட்டறையில் இருக்கிற பழைய ஜெனரேட்டரும் சூடாகிறது என்று காலையில் துறைத் தலைவர் சொன்னார். நாளை காலை 9 மணிக்கு அதைக் கழற்றிப் பார்க்கலாம் என்று அனுமதி வாங்கியிருக்கிறேன். வருகிறவர்கள் பழைய சட்டை போட்டுக்கொண்டு வாருங்கள்.