அம்பு திரும்பிய இடம்



கண்ணப்ப நாயனார் திருவுருவத்தைக் கோயில் தூண்களில் நாம் பலமுறை கண்டிருப்போம். எண்ணெய்ப் பிசுக்கு ஏறி, கண் எது, அம்பு எது என அறியவொண்ணாத நிலையிலும் கண்டிருப்போம்!

வேட்டையைக் கலையில் வடித்தல் உலகெங்கும் உள்ள வழக்கமே. பீம்பேட்காப் பாறை ஓவியங்களில் வேட்டை உண்டு. அசீரிய மன்னன் அசுர்பானிபால் சிங்கங்களை வீழ்த்தும் சிற்பங்கள், கி.மு. 7-ஆம் நூற்றாண்டின, இன்று இலண்டன் அருங்காட்சியகத்தில் உள்ளன. அம்பு தைத்த சிங்கத்தின் வேதனையை அச்சிற்பி உருக்கமாகவே காட்டினான். ஆயினும் அங்கே புகழ் அரசனுக்கே உரியது.

நம் தூண்களில் பெரும்பாலும் காண்பது திண்ணனாரின் கன்னி வேட்டையன்று. அம்பு அவர்தம் கண்ணை நோக்கித் திரும்பியிருக்கிறது. ஒரு பாதம் சிவலிங்கத்தின்மேல் ஊன்றியிருக்கிறது. ஒரு கண்ணை முன்னரே இடந்து அப்பிவிட்டார். மற்றதையும் இடந்தால் இறைவன் கண் இருக்குமிடம் தெரியாதே என்று அடையாளத்திற்கு வைத்த பாதம் அது. கொல்லும் அம்பு கொடுக்கும் அம்பாகிய கணத்தையே நம் சிற்பி தேர்ந்தான்.

அந்தக் காளத்தி நமக்குத் தொலைவன்று. கும்மிடிப்பூண்டிக்கு வடமேற்கே உள்ளது. நம் திருவள்ளூர் மண்ணும் மிகப் பழைமையானது. பூண்டியை அடுத்த அத்திரம்பாக்கத்தில் 1863-இல் இராபர்ட் புரூஸ் பூட் கற்கருவிகளைக் கண்டார். அவ்வூரில் கிடைத்த கருவிகளுள் மிகப் பழையவை சுமார் 15 இலட்சம் ஆண்டு முந்தியவை என 2011-இல் வெளியான ஆய்வு கூறிற்று.

இம்மாவட்டத்தில் இருளர் வாழ்கின்றனர். அவரைக் கண்ணப்பர் மரபினர் என்று நாம் சொல்ல வரவில்லை. காட்டை நம்பி வாழ்ந்த குடியினர் என்பது போதும். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையை நிறுத்திற்று. பலர் செங்கற்சூளைக்கும் அரிசி ஆலைக்கும் சென்றனர். கொத்தடிமை முறையை 1976-இல் சட்டம் ஒழித்த பின்னரும், இம்மாவட்டத்தில் இருளர் குடும்பங்கள் அந்நிலையிலிருந்து மீட்கப்பட்டன. தூணிலுள்ள வேடருக்கு மாலை சாத்தும் நாம், வாயிலில் ஓர் இருளர் வந்து நின்றால் எங்கே நிற்கச் சொல்கிறோம்?

சிவகோசரியாரும் முதலில் சினந்தார். இறைச்சி கிடந்த இடத்தை நாள்தோறும் தூய்மை செய்து வருந்தினார். இறைவன் அவரைக் கடியவில்லை. கனவில் தோன்றி, மறைந்திருந்து காண் என்றே பணித்தான். ஆறாம் நாள், வேடர் வரும் வேளையில், அந்த அந்தணர் ஒளிந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.