ரத்தம் இளக்கும் மாத்திரையும் நாமும்

(சங்கத்தின் ஆண்டுக் கூடுகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் போனில் கூப்பிட்டு, "டாக்டர், இந்த வருஷம் நீங்கதான் பேசணும். ஆனா சர்க்கரை வியாதி வேண்டாம், ரெண்டு வருஷமா அதையே கேட்டுட்டோம்" என்றார். சரி என்று யோசித்தேன். நாங்கள் பி.யு.சி. படித்த காலத்தில் சட்டைப் பையில் பேனா இருக்கும். இப்போது அதே பையில் மாத்திரை டப்பா இருக்கிறது. அந்த டப்பாவில் சர்க்கரை மாத்திரைக்கும் பிரஷர் மாத்திரைக்கும் நடுவே ஒரு சின்ன மாத்திரை, பலருக்கு அது என்ன என்றே தெரியாமல், உட்கார்ந்திருக்கிறது. "ரத்தம் இளகுறதுக்குக் குடுத்திருக்காங்க" என்பார்கள். அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். இந்த மாத்திரை ரத்தத்தைத் தண்ணீர் மாதிரி ஆக்குவதில்லை. ரத்தத்தின் கெட்டித்தன்மை அப்படியேதான் இருக்கும். உறையும் வேகம் மட்டும்தான் குறைகிறது. இதிலும் இரண்டு குடும்பங்கள் உண்டு. ரத்தம் உறைவதை ஒரு சுவர் எழும்புவதாக வைத்துக்கொள்ளுங்கள். தட்டணுக்கள் செங்கல், ஃபைப்ரின் என்ற இழைகள் சிமெண்ட் கலவை. ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் போன்றவை செங்கல் ஒன்றோடொன்று ஒட்டாமல் பார்த்துக்கொள்கின்றன. ஸ்டென்ட் வைத்தவர்களுக்குக் கொடுப்பது பெரும்பாலும் இவற்றைத்தான். வார்ஃபரின், அசிட்ராம் என்று நாம் வாங்கும் அசினோகூமரால், பிறகு வந்த டாபிகாட்ரான், ரிவராக்ஸபான், அபிக்ஸபான் இவையெல்லாம் சிமெண்ட் கலவையைக் குறைக்கிற கூட்டம். "ரெண்டும் ஒண்ணுதானே டாக்டர், ஒண்ணை நிறுத்திடட்டுமா?" என்று கேட்பவர்கள் உண்டு. இரண்டும் ஒன்றல்ல. இன்று நான் பேசுவது இரண்டாவது கூட்டத்தைப் பற்றி.

இதற்கு ஒரு கதை இருக்கிறது. முன்னாள் மாணவர் சங்கத்தில் சொல்வதற்கென்றே அமைந்த கதை. 1920களில் அமெரிக்காவின் வடக்கு மாநிலங்களிலும் கனடாவிலும் மாடுகள் காரணம் தெரியாமல் செத்தன. கொம்பு வெட்டினால் ரத்தம் நிற்காது, காயடித்தால் நிற்காது, சிலது உள்ளுக்குள்ளேயே ரத்தம் கசிந்து விழுந்துவிடும். ஸ்வீட் க்ளோவர் என்று ஒரு தீவனப் பயிர், நம் ஊர்க் குதிரைமசால் மாதிரி. அது மழையில் நனைந்து பூஞ்சை பிடித்த பிறகு அதைத் தின்ற மாடுகளுக்குத்தான் இப்படி ஆகிறது என்று கால்நடை மருத்துவர்கள் கண்டுபிடித்தார்கள். ஆனால் அதற்குள் இருக்கும் பொருள் எது என்று தெரியவில்லை. 1933 பிப்ரவரியில், பனிப்புயலில், விஸ்கான்சின் மாநிலத்து விவசாயி ஒருவர் செத்துப்போன கிடாரியையும், ஒரு பால் கேன் நிறைய உறையாத ரத்தத்தையும், கெட்டுப்போன வைக்கோலையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு பல்கலைக்கழகத்துக்கு வந்து நின்றார். அங்கே கார்ல் பால் லிங்க் என்ற வேதியியல் பேராசிரியர். ஆறேழு வருஷ உழைப்புக்குப் பிறகு அவருடைய ஆய்வகம் அந்தப் பொருளைப் பிரித்தெடுத்தது. டைகூமரால் என்று பெயர். அதன் வழியில் செய்த இன்னொரு பொருள் 1948இல் எலி மருந்தாக விற்பனைக்கு வந்தது. அதுதான் வார்ஃபரின்.

ஆமாம், எலி மருந்துதான். முகம் சுளிக்காதீர்கள். 1954இல் மனிதர்களுக்குக் கொடுக்க அனுமதி கிடைத்தது. 1955இல் ஜனாதிபதி ஐசனோவருக்கு மாரடைப்பு வந்தபோது அவருக்கும் இதைத்தான் கொடுத்தார்கள். அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது தெரியுமா? 'விஸ்கான்சின் முன்னாள் மாணவர் ஆராய்ச்சி அறக்கட்டளை' என்பதன் ஆங்கில முதலெழுத்துகள் வார்ஃப். 1925இல் அந்தப் பல்கலைக்கழகத்தின் முன்னாள் மாணவர்கள் சேர்ந்து ஆரம்பித்த அறக்கட்டளை அது. லிங்கின் ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்தது. நம் சங்கப் பொருளாளர் இதைக் குறித்துக்கொள்வார் என்று நம்புகிறேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நம் ஈரல், வைட்டமின் கே துணையோடு ரத்தம் உறையத் தேவையான சில புரதங்களைச் செய்கிறது. வார்ஃபரினும் அசிட்ராமும் அந்த வைட்டமின் கே மறுபடி மறுபடி பயன்படுவதைத் தடுக்கின்றன. ஏற்கெனவே ரத்தத்தில் இருக்கும் புரதம் தீர வேண்டும் என்பதால், இன்று அளவை மாற்றினால் பலன் முழுசாகத் தெரிய சில நாளாகும். யாருக்குத் தேவை? இதயத்தில் உலோக வால்வு வைத்தவர்களுக்கு ஆயுள் முழுக்க. இதயம் தாறுமாறாகத் துடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் உள்ளவர்களில் பலருக்கு. அந்த நோய் பக்கவாத அபாயத்தைச் சுமார் ஐந்து மடங்காக்குகிறது. காலிலோ நுரையீரலிலோ ரத்தம் கட்டியவர்களுக்குச் சில மாதங்கள் அல்லது அதற்கும் மேல்.

நம் நாட்டில் வால்வு வைத்தவர்களில் வயதானவர்கள் மட்டும் இல்லை. சிறு வயதில் தொண்டைப் புண், அதைத் தொடர்ந்து ருமாட்டிக் காய்ச்சல், பிறகு கெட்டுப்போன வால்வு, இருபது முப்பது வயதில் ஆபரேஷன். 1990 டிசம்பரில் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தில் நம் நாட்டிலேயே செய்த சித்ரா வால்வை முதன்முதலில் பொருத்தினார்கள். அதற்குப் பிறகு ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கும் வால்வு எட்டும் விலைக்கு வந்தது. வால்வு கிடைத்தது, சரி. அதைக் காப்பாற்றும் மாத்திரை தினமும் கிடைக்கிறதா, பரிசோதனை நடக்கிறதா என்பதுதான் பின்னாலே வரும் கஷ்டம்.

அந்தப் பரிசோதனைக்குப் பெயர் பி.டி. ஐ.என்.ஆர். மாத்திரை சாப்பிடாதவருக்கு அது சுமார் 1. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனுக்கும் கால் ரத்தக்கட்டிக்கும் 2 முதல் 3 வரை இருக்க வேண்டும். மைட்ரல் இடத்தில் உலோக வால்வு இருந்தால் பொதுவாக 2.5 முதல் 3.5. உங்களுக்கு எவ்வளவு என்று உங்கள் டாக்டர் சொல்லியிருப்பார். சொல்லவில்லையா, அடுத்த முறை போகும்போது கேட்டு எழுதி வாங்குங்கள். பள்ளிக்கூட மார்க் மாதிரி அதிகம் வந்தால் நல்லது என்று நினைக்கக் கூடாது. கூடினால் ரத்தக் கசிவு, குறைந்தால் ரத்தக்கட்டி. இரண்டுக்கும் நடுவே ஒரு ஒற்றையடிப் பாதை.

எல்லோரும் ரத்தம் கொட்டிவிடுமோ என்றே பயப்படுகிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிய பயம், சத்தமில்லாமல் மாத்திரையை நிறுத்திவிடுபவர்களைப் பற்றி.

ஒரு இளம்பெண்ணைச் சொல்கிறேன். மைட்ரல் உலோக வால்வு. குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்க ஊருக்குப் போனார்கள், மாத்திரை தீர்ந்தது, அந்த ஊர் மெடிக்கல் ஷாப்பில் இல்லை, "திரும்பிப் போய்ப் பாத்துக்கலாம்" என்று இருந்துவிட்டார்கள். பத்து நாள். மூச்சு வாங்க, வாங்க, கைத்தாங்கலாகக் கொண்டுவந்தார்கள். உலோக வால்வுக்கு ஒரு சத்தம் உண்டு. ராத்திரி அமைதியாக இருக்கும்போது பக்கத்தில் படுத்திருப்பவருக்கே கடிகாரம் மாதிரி டிக் டிக் என்று கேட்கும். அந்தப் பெண்ணின் கணவர் சொன்னார்: "மூணு நாளா அந்தச் சத்தம் கேக்கல சார். உடம்பு சரியாயிடுச்சு போலன்னு நெனச்சோம்." வால்வின் மேல் ரத்தம் கட்டி, அது அசையாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. கட்டியைக் கரைக்கும் மருந்து ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். பிழைத்துவிட்டார். எல்லோருக்கும் அப்படி அமைவதில்லை. வால்வு வைத்தவர் வீட்டில் இருப்பவர்கள் இதை மட்டும் மறக்காதீர்கள்: அந்தச் சத்தம் மங்கினால், நின்றால், அன்றைக்கே ஆஸ்பத்திரி.

இன்னொருவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். பல் பிடுங்கப் போகிறோமே, ரத்தம் நிற்காதே என்று தானாகவே ஒரு வாரம் மாத்திரையை நிறுத்தினார். பல் போனது, கூடவே பேச்சும் போனது, பக்கவாதம். சாதாரணமாக ஒன்றிரண்டு பல் எடுப்பதற்குப் பெரும்பாலும் நிறுத்தவே வேண்டியதில்லை. ஐ.என்.ஆர். பார்த்துவிட்டு எடுத்துவிடலாம். பெரிய ஆபரேஷன் என்றால் எப்போது நிறுத்துவது, நடுவில் ஹெப்பாரின் ஊசி வேண்டுமா என்பதை டாக்டர்கள் இருவரும் பேசி முடிவு செய்வார்கள். ஒரு வேளை மறந்துவிட்டால்? வார்ஃபரின், அசிட்ராம் என்றால் அன்றைக்கே ஞாபகம் வந்தால் சாப்பிடலாம். மறுநாள்தான் தெரிந்தது என்றால் விட்டது விட்டதுதான், இரண்டாகப் போட்டுக்கொள்ளக் கூடாது. காலண்டரில் தேதியை அடித்துக்கொண்டே வருவது நல்ல பழக்கம்.

நிறுத்துவது ஒரு தப்பு என்றால், இன்னொரு மருந்தைச் சொல்லாமல் கூடச் சேர்ப்பது அடுத்த தப்பு. நம் ஊரில் முழங்கால் வலிக்கு மருந்துக்கடையில் "ரெண்டு வலி மாத்திரை குடுங்க" என்றால் போதும், கொடுத்துவிடுவார்கள். டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் இவை வயிற்றைப் புண்ணாக்கும், தட்டணுக்களையும் தடுக்கும். ஏற்கெனவே சிமெண்ட் குறைவு, இப்போது செங்கலும் ஒட்டாது. நாலு நாளில் தார் மாதிரி கறுப்பாக மலம் போகும். வலிக்குப் பாராசிட்டமால் பரவாயில்லை. அதையும் நாள்கணக்கில் முழு அளவில் போட்டால் ஐ.என்.ஆர். ஏறும், டாக்டரிடம் சொல்லுங்கள். மெட்ரோனிடசோல், கோட்ரைமாக்சசோல், பூஞ்சைக்குக் கொடுக்கும் ஃப்ளூகோனசோல் இவை ஐ.என்.ஆரை எகிற வைக்கும். காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின் நேர்மாறாக இறக்கிவிடும். வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் அனுப்பும் பூண்டு மாத்திரை, ஜிங்கோ மாத்திரை, நாட்டு மருந்துக் கடைப் பொடி, எதுவானாலும் டாக்டரிடம் காட்டாமல் வேண்டாம்.

அப்புறம் ஊசி. "ஒரு ஊசி போட்டாத்தான் டாக்டர் சரியாகும்" என்று கேட்டு வாங்குவது நம் பழக்கம். இடுப்பில் தசைக்குள் போடும் ஊசி, ரத்தம் இளக்கும் மாத்திரை சாப்பிடுபவருக்கு உள்ளே ரத்தம் தேங்கிப் பெரிய கட்டியாக வீங்கச் செய்யலாம். ஊசியைக் கேட்டு வாங்காதீர்கள். டாக்டரே எடுத்தால், நீங்கள் முந்திக்கொண்டு மாத்திரை விஷயத்தைச் சொல்லுங்கள்.

கீரை. இதைக் கேட்காத நோயாளி இல்லை. "கீரையே தொடக் கூடாதாமே?" கூடாது என்று இல்லை. கீரையில், முக்கியமாக முருங்கைக் கீரையில், வைட்டமின் கே உண்டு. வாரத்துக்கு இரண்டு நாள் கீரை சாப்பிடும் வழக்கமா, அப்படியே சாப்பிடுங்கள், அதற்கேற்ப மாத்திரை அளவை டாக்டர் வைப்பார். தினம் ஒரு டம்ளர் முருங்கைச் சூப் என்று திடீரென்று ஆரம்பித்தால்தான் ஐ.என்.ஆர். இறங்கும். காய்ச்சல், வயிற்றுப்போக்கு என்று சாப்பாடே இறங்காமல் நாலு நாள் படுத்தால் அது ஏறிவிடும். அப்போது ஒரு பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

இனி புது மாத்திரைகள். டாபிகாட்ரான், ரிவராக்ஸபான், அபிக்ஸபான் என்று வரிசையாக வந்தன. ஐ.என்.ஆர். பார்க்க வேண்டாம், கீரைக் கணக்கு இல்லை. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் உள்ள பலருக்கு நல்ல மாத்திரைகள். மூளையில் ரத்தம் கசிவதும் வார்ஃபரினைவிடக் குறைவு. ஆனால் உலோக வால்வு உள்ளவர்களுக்கு இவை கூடவே கூடாது. அப்படிப்பட்டவர்களுக்கு டாபிகாட்ரான் கொடுத்துப் பார்த்த ஆய்வில் ரத்தக்கட்டியும் கூடியது, கசிவும் கூடியது, பாதியில் நிறுத்தினார்கள். ருமாட்டிக் நோயால் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் வந்தவர்களிடம் இந்தியா உள்படப் பல நாடுகளில் செய்த ஆய்வு 2022இல் வெளிவந்தது. அதிலும் ரிவராக்ஸபானைவிடப் பழைய மாத்திரைதான் அதிக உயிரைக் காப்பாற்றியது. ஆகவே பக்கத்து வீட்டு மாமா டெஸ்ட் இல்லாமல் சாப்பிடுகிறாரே என்று பார்த்து மாற்றக் கூடாது. இந்தப் புது மாத்திரைகளின் பலன் ஒரே நாளில் இறங்கிவிடும், ஆகவே ஒரு வேளை தவறினாலும் காப்பு குறையும். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று வருஷத்துக்கு ஒரு முறையாவது பார்க்க வேண்டும். டாபிகாட்ரான் காப்ஸ்யூலை டப்பாவில் கொட்டி வைக்காதீர்கள், ஈரம் பட்டால் கெட்டுவிடும்.

பெண் பிள்ளைகள் இருக்கும் சபை என்பதால் ஒன்று சொல்ல வேண்டும். வார்ஃபரின், அசிட்ராம் சாப்பிடும் பெண், குழந்தை வேண்டும் என்று நினைக்கும்போதே டாக்டரிடம் போக வேண்டும். கருவின் 6 முதல் 12 வாரம் வரை இந்த மாத்திரை குழந்தையின் வளர்ச்சியைப் பாதிக்கலாம். அதற்காகத் தானாக நிறுத்தினால் தாயின் வால்வு அடைக்கும். இரண்டையும் பார்த்து, ஹெப்பாரின் ஊசிக்கு எப்போது மாறுவது என்று டாக்டர்கள் திட்டமிடுவார்கள். கல்யாணம் பேசும்போது இதை மறைத்துவிட்டு, புகுந்த வீட்டில் ஒளித்து ஒளித்து மாத்திரை சாப்பிடும் பெண்களையும் பார்த்திருக்கிறேன். அந்த ஒளிவில்தான் மாத்திரை விட்டுப்போகிறது.

ஹெப்பாரின் என்றதும் மாணவர்களுக்கு ஒரு தகவல். 1916இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் அதற்கு வழிகாட்டிய ஆராய்ச்சியைச் செய்தவர் ஜே மெக்லீன், மருத்துவக் கல்லூரி இரண்டாம் ஆண்டு மாணவர். 

உங்களுக்கு ஒரு வேலையும் தருகிறேன். வீட்டுக்குப் போனதும் அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி மாத்திரை டப்பாவைத் திறந்து பாருங்கள். இந்தப் பெயர்களில் ஒன்று இருந்தால், மாத்திரை பெயர், எத்தனை மில்லிகிராம், எதற்காக, எந்த டாக்டர் என்று ஒரு அட்டையில் எழுதி அவர்கள் பர்ஸில் வையுங்கள். மில்லிகிராமை மட்டும் இரண்டு முறை பாருங்கள். அசிட்ராம் 1, 2, 4 என்று வருகிறது, பெட்டி ஏறக்குறைய ஒரே மாதிரி. தாத்தா குளியலறையில் வழுக்கித் தலையில் அடிபட்டால், வெளியே ரத்தம் வரவில்லை, நன்றாகத்தான் பேசுகிறார் என்று வீட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள். உள்ளே மெதுவாகக் கசியும். உடனே ஸ்கேன் இருக்கும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், முதல் வாக்கியமாக இந்த மாத்திரையைச் சொல்லுங்கள்.

சாப்பாடு ஆறுகிறது என்று செயலாளர் ஜாடை காட்டுகிறார். ஐ.என்.ஆர். சீட்டு கொண்டுவந்திருக்கும் நண்பர்கள் சாப்பிட்ட பிறகு வேதியியல் ஆய்வுக்கூடத்துக்கு அடுத்த அறைக்கு வாருங்கள், மூன்று மணி வரை அங்கேதான் இருப்பேன். பழைய சீட்டுகளையும் சேர்த்து எடுத்து வாருங்கள்.