உழைக்கும் முழங்காலைக் காப்போம்
(வெள்ளிவிழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம் சங்கம் கல்விக்காகத் தோன்றியது. தம் உடலை அறிவதும் கல்வியே. ஆதலின் நம் உழைப்பைத் தாங்கி நிற்கும் முழங்காலைப் பற்றிச் சில கூற விழைகின்றோம்.

பழவேற்காடு ஏரியில் பாடு முறைப்படி வலையிடும் உரிமை பட்டினவர் சமூகத்திடமே நெடுங்காலம் இருந்து வந்தது. அவ்வுரிமை இல்லாதோர் பலர்க்குக் கைகளே வலையாயின. பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு, சேற்றில் குந்தியும் முழந்தாளிட்டும் இறாலைத் தடவிப் பிடிப்போரை நாம் நன்கறிவோம். பாதத்தைச் சேறு பற்றியிருக்க உடல் மட்டும் திரும்புமாயின், மூட்டினுள் இருக்கும் குருத்தெலும்பு கிழிவதுண்டு.

தொடை எலும்புக்கும் கீழ்க்கால் எலும்புக்கும் இடையே பிறை வடிவில் இரண்டு குருத்தெலும்புகள் உள்ளன. உடலின் பாரத்தைப் பரப்பித் தாங்குபவை அவையே. கிழிந்தால் மூட்டு வீங்கும். சிலர்க்குக் காலை நீட்டவொட்டாமல் பூட்டிக்கொள்ளும். நாமோ சுளுக்கு என்றெண்ணி எண்ணெய் தேய்த்து நாள் கடத்துகின்றோம்.

1883-ஆம் ஆண்டில் எடின்பரோ நகரில் தாமஸ் அன்னண்டேல் என்னும் அறுவை மருத்துவர் இக்குருத்தெலும்பை முதன்முதலாகத் தைத்தார். அந்த நோயாளி செல்வரல்லர், சுரங்கத் தொழிலாளி. ஆயினும் பின்வந்த மருத்துவர் பலர் இதனைப் பயனற்ற உறுப்பெனக் கருதி முழுதும் வெட்டியெடுத்தனர். அவ்வாறு எடுத்த மூட்டுகள் நாளடைவில் தேய்வதை 1948-இல் பேர்பேங்க் எடுத்துக்காட்டினார். 1962-இல் ஜப்பானிய மருத்துவர் வட்டனபே, சிறு துளை வழியே ஆர்த்ராஸ்கோப் என்னும் நோக்குகுழலைச் செலுத்திக் கிழிந்த பகுதியை மட்டும் அகற்றினார்.

குருத்தெலும்பின் வெளிவிளிம்பில் குருதியோட்டம் உண்டு, உள்விளிம்பில் இல்லை. எனவே வெளிப்புறக் கிழிசல் தைத்தால் கூடும் வாய்ப்பு மிகுதி. தைக்கும் முறைகள் மூன்று. மூட்டின் உள்ளிருந்து நீண்ட ஊசிகளை வெளியே செலுத்தி முடிச்சிடுவது ஒன்று. வெளியிலிருந்து ஊசியை உட்செலுத்துவது மற்றொன்று; முன்பக்கக் கிழிசலுக்கு இது ஏற்றது. சிறு பிடிப்புகளுடன் கூடிய நூலால் உள்ளேயே தைத்து முடிப்பது மூன்றாவது. குருத்தெலும்பு வேரோடு பெயர்ந்திருப்பின், கீழ்க்கால் எலும்பில் துளையிட்டு நூலை இழுத்துக் கட்டுவர். தைக்க இயலாத இடத்தில் கிழிந்த துண்டை மட்டும் சீர்செய்வர்.

எல்லாக் கிழிசலுக்கும் கத்தி வேண்டா. தேய்மானத்தால் வந்த கிழிசலில், துண்டை வெட்டியெடுத்தலும் வெட்டுவதுபோல் பாவனை செய்ததும் ஒத்த பலனையே தந்தன என்று 2013-இல் பின்லாந்து ஆய்வு காட்டியது. அத்தகையோர்க்கு உடற்பயிற்சியே முதல் மருந்து.

தைத்தபின் நான்கு முதல் ஆறு வாரங்கள் ஊன்றுகோலும் கட்டுப்பாடும் வேண்டியிருக்கும். ஆழக் குந்துவதைப் பல மாதங்கள் தவிர்க்க வேண்டும். ஏரியில் இறங்காத நாளில் அடுப்பெரியாத வீட்டுக்கு இது எளிதன்று. பசிக்காக முன்னதாகவே சேற்றில் இறங்கினால் தையல் அறுந்துபோகும்; மருத்துவர் உழைப்பும் வீணாகும்.

இங்கேதான், இளைஞர்களே, உங்கள் கடமை தொடங்குகின்றது. மூட்டு பூட்டிக்கொண்டவரைக் காலந்தாழ்த்தாமல் பொன்னேரி அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் அவருக்குரிய சிகிச்சை அடங்குமா என்று கேட்டறியுங்கள். "இதனைத் தைக்க இயலுமா, வெட்டத்தான் வேண்டுமா?" என்று மருத்துவரிடம் அஞ்சாது வினவுங்கள். அவர் ஓய்ந்திருக்கும் மாதங்களில் அவ்வீட்டுக்கு அரிசி சேர்வதை நாம் அனைவரும் பொறுப்பேற்போம்.

விளையாட்டு வீரரின் முழங்காலுக்குக் கிடைக்கும் மருத்துவம் இறால் பிடிப்பவரின் முழங்காலுக்கும் உரியது. அதனைக் கேட்டுப் பெறும் துணிவைத் தருவதே நம் சங்கம் வளர்த்த கல்வியின் பயன்.